அழிந்த உலகத்தில் ஒரு லிஃப்ட்

சி பிளாக்கின் லிஃப்ட் நின்றுபோய் நாலு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நின்றுபோனது என்பது குடியிருப்பவர்கள் சொல்வது. வீட்டு வசதி அலுவலகத்தின் கோப்பில் அது 'தற்காலிக ஓய்வில் உள்ள மின்தூக்கி' என்று மரியாதையாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஓய்வில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நாகரிகம் தெரிந்த அலுவலகம் அது.

ஆறாம் மாடி டீச்சர் அந்த அலுவலகத்துக்கு முப்பத்தொரு மனு எழுதியிருந்தார். டீச்சருக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. கவலையெல்லாம் மாமனாரைப் பற்றி. முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டிய மனிதர். இப்போது இரண்டு முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. லிஃப்ட் நின்ற அன்று வீட்டுக்குள் இருந்தவர், அதற்குப் பிறகு தெருவை மிதிக்கவே இல்லை. டீச்சரின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை வருவார், "அப்பாவை நான் முதுகுல தூக்கிட்டுப் போறேன்" என்று கிளம்புவார். ஐந்தாம் மாடி வரை போய், அப்பாவும் பிள்ளையும் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

பெரியவரின் ஆசை ஒன்றும் பெரிதில்லை. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, அவருடைய ரயிலில் கார்டாக இருந்த நண்பரோடு சண்டை போட வேண்டும். ஒரு காலத்தில் அவர்கள் ரயில் ஏழு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது யாரால் என்ற வழக்கு இருபது வருடமாக நிலுவையில் இருந்தது. கார்டு தெருவில் நின்றும் இவர் ஜன்னலில் நின்றும் கொஞ்ச நாள் வாதாடிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"பழுது பார்க்கணும்னா முதல்ல ஆய்வு பண்ணணும்மா" என்றார் அலுவலகத்து உதவிப் பொறியாளர், டீச்சர் நேரில் போனபோது.

"பண்ணுங்க சார்."

"ஆய்வை லிஃப்ட்ல ஏறிப் பார்த்துத்தான் பண்ணணும்னு விதி. ஓடாத லிஃப்ட்ல எப்படிம்மா ஏறிப் பார்க்கிறது?"

டீச்சர் இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவர். எந்த மாதிரிப் பதிலுக்கும் மதிப்பெண் போட்டுப் பழகியவர். இந்தப் பதிலுக்கு என்ன போடுவது என்று அவருக்கே தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை சி பிளாக் வாசலில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. இறங்கியவர்களில் தாடி அதிகமாக இருந்தவர் இயக்குநர், கவலை அதிகமாக இருந்தவர் கலை இயக்குநர். உலகம் அழிந்து நாற்பது வருடம் கழித்து நடக்கும் சண்டைப் படம் எடுக்கப் போவதாகவும், அதற்கு ஒரு பாழடைந்த கட்டிடம் தேடி வந்திருப்பதாகவும் இயக்குநர் சொன்னார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நன்றி சொன்னார். அவரை யாராவது தேடி வந்தாலே நன்றி சொல்வது அவர் வழக்கம். பதினோரு வருடமாக அவர் கூட்டம் கூட்டி வருகிறார், பொருளாளரைத் தவிர யாரும் வந்ததில்லை.

"எங்க படத்துல பெட்ரோல் தீர்ந்துபோச்சு. தண்ணி தீர்ந்துபோச்சு. சூரியனே பாதிதான் வருது" என்று விளக்கினார் இயக்குநர். படத்தின் காட்சிகளை வரைந்த பெரிய பெரிய ஓவியங்களைக் காட்டினார். எல்லாம் பழுப்பு நிறத்தில் இருந்தன.

டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. "பெட்ரோல் இல்லேன்னா இந்தப் பதினெட்டு லாரியும் எதுல ஓடுது?"

"கோபத்துல."

"தண்ணி இல்லாத ஊர்ல இந்தப் பொண்ணோட தலைமுடி மட்டும் எப்படி இவ்ளோ பளபளன்னு இருக்கு?"

"அது அவங்க ஒப்பந்தத்துல இருக்கு."

"எல்லாருக்கும் சட்டை இடது தோள்ல மட்டும் கிழிஞ்சிருக்கே?"

இயக்குநர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். "உலகம் அந்தப் பக்கத்துலேருந்துதான் டீச்சர் அழிய ஆரம்பிச்சுது."

இதற்குள் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த கலை இயக்குநர், படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சரிப்படாது சார். யாரும் நம்ப மாட்டாங்க."

"ஏன், போதுமான அளவுக்கு இடியலையா?"

"அதிகமா இடிஞ்சிருக்கு சார்! உலகம் அழிஞ்சதுன்னாலும் ஒரு நியாயம் வேண்டாமா? அழிஞ்சதுக்கு அப்புறம் நாற்பது வருஷத்துல யாராவது ஒருத்தர் ஒரு ஆணியாவது அடிச்சிருப்பாங்கல்ல? இது எவனுமே எட்டிப் பார்க்காத மாதிரி இருக்கு. செட்டு போடறவன் ஓவரா பண்ணிட்டான்னு என்னைத்தான் திட்டுவாங்க."

ஆகவே, உலகம் அழிந்தது நம்பும்படியாக இருக்க வேண்டும் என்பதற்காக சி பிளாக்கைப் பழுது பார்த்தார்கள். கதாநாயகன் உதைத்து ஆட வேண்டிய படிக்கட்டுக் கைப்பிடி கெட்டியானது. அவன் ஓட வேண்டிய மொட்டை மாடியின் ஓட்டைகள் அடைபட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, லிஃப்ட். படத்தின் வில்லனான மகா அதிபதி ஏழாம் மாடியில் குடியிருந்து உலகத்தை ஆள்கிறவர். தலையில் இரண்டு கொம்பு, தோளில் லாரி டயர், சுற்றிலும் புகை. அப்படிப்பட்டவர் படி இறங்கி வந்தால் மூச்சிரைக்கும், வசனம் பேச வராது. அவர் லிஃப்டில்தான் இறங்கி வர வேண்டும், கதவு மெதுவாகத்தான் திறக்க வேண்டும்.

படக் கம்பெனியின் எலக்ட்ரீஷியன் மேலே ஏறிப் போய் ஒரு ஃப்யூஸை மாற்றினார், இரண்டு கம்பியை முறுக்கினார், ஒரு செத்த எலியை எடுத்துப் போட்டார். இரண்டரை மணி நேரத்தில் லிஃப்ட் ஓடியது. பிறகு மூன்று நாள் உட்கார்ந்து அதற்குத் துரு வண்ணம் அடித்தார்கள்.

படப்பிடிப்புக்கு அலுவலகம் பதினான்கு நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. ஒன்பதாவது நிபந்தனை, வேலை முடிந்ததும் கட்டிடம் முன்பிருந்த நிலையிலேயே திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது. முன்பிருந்த நிலைக்கு உதவிப் பொறியாளர் பட்டியலும் தயாரித்திருந்தார். 'விரிசல், 64. கசிவு, 19. மின்தூக்கி, 1, இயங்காதது, நல்ல நிலையில்.' அந்தப் பட்டியலை அப்போது யாரும் படித்துப் பார்க்கவில்லை.

கேமரா நாலு பக்கமும் இருந்ததால், உள்ளே வருகிற போகிற எல்லோரும் அழிந்த உலகத்து உடையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். முதல் இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாம் நாள் நாலாம் மாடி அம்மா, ஐந்தாம் மாடி அம்மாவை நிறுத்தி, "உங்களுது மட்டும் எப்படி இவ்ளோ நல்லாக் கிழிஞ்சிருக்கு? எங்க குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். அதோடு சரி. பக்கத்துத் தெரு டைலர் புதுச் சட்டை தைத்து, அதன் இடது தோளை அளவெடுத்துக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார். நேராகக் கிழிய வேண்டுமே என்று ஓரத்துக்குத் தையல் வேறு போட்டார். டீச்சர் ஒரு நாள் மறந்துபோய் அதே உடையில் பள்ளிக்கூடம் போய்விட்டார், தலைமை ஆசிரியை எங்கே வாங்கினது என்று விசாரித்தார்.

லிஃப்ட் ஓடிய முதல் வாரமே பெரியவர் கீழே வந்தார். கிழிந்த தோல் கோட்டு, தூசிக் கண்ணாடி, கையில் ஊன்றுகோல். கதவு திறந்ததும் தெரு வெளிச்சம் முகத்தில் பட, அப்படியே நின்றுவிட்டார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். 

"மாமா, நடக்க முடியுதா?"

"நீ விடும்மா. நான் போறேன்."

டீக்கடையில் கார்டுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சினிமாக்காரர் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். "சிக்னலைப் பார்க்காம கொடி காட்டினவனுக்கு ஆளை மட்டும் அடையாளம் தெரியவா போகுது?" என்று பெரியவர் கேட்டதும்தான் கார்டுக்கு விளங்கியது. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், உடனே விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கினார்கள். டீச்சர் சற்றுத் தள்ளி நின்று தூசிக் கண்ணாடிக்குள் அழுதார். நாலு வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இருபத்தைந்து நாளில் படம் முடிந்தது. வண்டிகள் கிளம்பத் தயாராகிற நேரத்தில் உதவிப் பொறியாளர் பட்டியலோடு வந்தார்.

"விரிசல் ஆறு குறையுது. அதைக் கூடப் பரவாயில்லைன்னு விடலாம். லிஃப்ட் ஓடுதே, அது எப்படி?"

"ஓடினா நல்லதுதானே சார்?" என்றார் டீச்சர்.

"யாருக்கு? அம்மா, எங்க ரெக்கார்டுல ஓடுற லிஃப்ட்டே கிடையாது. ரெக்கார்டுல இல்லாத லிஃப்ட்ல உங்க மாமனார் இறங்கி வந்தா, அவர் எதுல இறங்கி வந்தார்?"

"லிஃப்ட்லதான்."

"எந்த லிஃப்ட்ல?"

டீச்சர் லிஃப்ட் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொண்ணு. நீங்க முப்பத்தொரு மனு போட்டிருக்கீங்க. அது மேல ஒரு கோப்பு நடந்துக்கிட்டிருக்கு. அலுவலகம் ரிப்பேர் பண்ணாமலே லிஃப்ட் ஓடிருச்சுன்னா, அந்தக் கோப்பை எதைக் காட்டி மூடறது? படப்பிடிப்பு முடிஞ்சிருச்சுல்ல, கம்பியைப் பிடுங்கச் சொல்லுங்க."

தெரு வெளிச்சத்தில் மாமனார் அப்படியே நின்றது டீச்சருக்கு நினைவு வந்தது. "படப்பிடிப்பு முடியலை" என்று சொல்லிவிட்டார்.

"என்னது?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. இல்லையா சார்?" என்று இயக்குநரைப் பார்த்தார். இயக்குநருக்கு வண்டி ஏறினால் போதும் என்றிருந்தது. "இருக்கு, இருக்கு. ரெண்டாம் பாகமே இருக்கு" என்றார். உடைகள், கொம்பு, திரைக்கதையின் ஒரு பிரதி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

உதவிப் பொறியாளர் நியாயமான மனிதர். படப்பிடிப்பு நடக்கும் வரை லிஃப்டைத் தொட முடியாது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அது நடக்கிறதா என்று புதன்கிழமைதோறும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"கேமரா இல்லேன்னா கூடப் பரவாயில்லை. ஒரு வில்லன் இருக்கணும். ஜனங்க கஷ்டப்படணும். அது கண்ணுக்குத் தெரியணும்."

மகா அதிபதியாக நடிக்கச் செயலாளரே முன்வந்தார். கொம்பை மாட்டிக்கொண்டு அவர் கீழ்த்தளத்தில் வந்து நின்றபோது, உட்கார்ந்திருந்த பத்துப் பேர் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். கூட்டத்துக்கு ஆள் வராத பதினோரு வருடமும் அந்த நொடியில் அவருக்கு ஆறிப்போயிருக்க வேண்டும். பொருளாளரும் மூன்றாம் மாடி மருந்துக் கடைக்காரரும் டயர் துண்டுகளைக் கட்டிக்கொண்டு காவலர்கள் ஆனார்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் டீச்சர், அதிபதியின் ஆணைகளை எழுதும் ஏட்டுக்குப் பொறுப்பாளர்.

முதல் புதன்கிழமை உதவிப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அதிபதியோட லிஃப்ட்ல எல்லாரும் பையைத் தூக்கிக்கிட்டு சகஜமா ஏறி இறங்கறாங்க. இது என்னங்க அழிஞ்ச உலகம்? எங்க அலுவலகமே இதைவிடக் கண்டிப்பா இருக்கு."

அன்று சாயங்காலமே டீச்சர் உட்கார்ந்து, திரைக்கதையைப் பார்த்து விதிகளை எழுதினார். லிஃப்ட் மகா அதிபதிக்கும் பொறுப்பாளர்களுக்கும் மட்டும். அழிவில் பிழைத்தோர் படியில் ஏறுவர், ஏறும்போது களைத்திருப்பர். அதிபதியைப் பழித்த குற்றவாளிகள் ஏழாம் மாடியில் விசாரிக்கப்பட்டு, லிஃப்ட் வழியாகக் கீழே கொண்டுசெல்லப்பட்டு, நகரத்தை விட்டு வெளியேற்றப்படுவர். புதன்கிழமைக்கு மட்டும்தானே என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு உதவிப் பொறியாளர் ஒரு திங்கள்கிழமை சொல்லாமல் வந்தார். அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை. எந்த நாள் வருவார் என்று தெரியாததால் எல்லா நாளும் புதன்கிழமையாக இருப்பது நல்லது என்று செயலாளர் கருதினார். அவர் வீடு இரண்டாம் மாடியில். இருந்தாலும் தினமும் ஏழாம் மாடிக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தார். ஜனங்கள் படியேறினார்கள். "லிஃப்ட் கையை விட்டுப் போயிடக் கூடாது பாருங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே ஏறினார்கள். களைத்திருப்பதில் யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாரமாகப் பெரியவர் வீட்டிலேயே இருந்தார்.

"லிஃப்ட் சத்தம் கேக்குதேம்மா. ஓடுதுல்ல?"

"ஓடுது மாமா. நல்லா ஓடுது."

"அப்புறம் என்ன?"

"இந்த ஆய்வெல்லாம் ஒரு வழியா முடியட்டும் மாமா. இப்ப விதியை மீறினா இருக்கறதும் போயிடும்."

சொல்லும்போதே டீச்சருக்கு வெட்கமாக இருந்தது.  பெரியவர், மருமகள் மேஜை மேல் வைத்திருந்த விதிகளின் நகலை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். ரயில்வேயில் இருந்தவர். விதிப் புத்தகத்தில் எந்த இடத்தில் ஆள் நுழைய வழி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் செயலாளர் மேலே போகிற நேரம் பார்த்து, ஆறாம் மாடி லிஃப்ட் கதவருகே நின்று, கட்டிடம் முழுவதும் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"செயலாளரே! கொம்பு உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. கீழ ஒரு தலையும் இருந்திருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்!"

நாலு மாடிகளிலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. காவலர்கள் பெரியவரை மிகவும் பணிவாகக் கைது செய்தார்கள். மருந்துக் கடைக்காரர், "பார்த்து ஏறுங்க ஐயா" என்று கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினார். ஏழாம் மாடியில் விசாரணை. டீச்சர் ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று உதவிப் பொறியாளரும் அங்கே இருந்தார்.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்றார் செயலாளர். கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"சந்தோஷமா."

"வெளியேற்றம்!"

பெரியவர் சிரித்தபடி ஊன்றுகோலை எடுத்தார். உதவிப் பொறியாளர் கையை உயர்த்தினார்.

"ஒரு சந்தேகம். இவர் எப்ப திரும்பி வருவார்?"

"சாயங்காலம் வந்துடுவாரு சார். வீடு ஆறாம் மாடிதானே" என்றார் டீச்சர்.

"அப்ப அது வெளியேற்றமா, டீ குடிக்கப் போறதா? படத்துல வெளியேத்தினவங்க திரும்பி வந்தாங்களா?"

டீச்சர் திரைக்கதையைப் புரட்டினார். யாரும் திரும்பி வந்திருக்கவில்லை. எல்லோரையும் பாலைவனம் விழுங்கியிருந்தது.

"பாலைவனத்துக்குப் போனவர் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து நின்னா, இங்க படப்பிடிப்பு நடக்கலேன்னுதான் நான் எழுதணும். எழுதினா நாளைக்கே ஆள் வந்து கம்பியைப் பிடுங்குவான். எனக்கு ஒண்ணும் இல்லை, நீங்களே சொல்லுங்க."

லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். 'பிடுங்கினால் பிடுங்கட்டும்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயையும் திறந்தார். ஆனால் லிஃப்டைக் காப்பாற்றுவதற்காகத்தான் இவ்வளவும் செய்தது. அதை எப்படி விடுவது என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தைப் பெரியவர் பார்த்துவிட்டார்.

"திரும்பி வர்றதில்லைன்னே எழுதிக்கோம்மா."

"மாமா! எங்க இருப்பீங்க?"

"கார்டு வீடு தரைத்தளம்தான். பின்னாடி ஒரு ரூம் சும்மா கிடக்குன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கான். நீ ஞாயித்துக்கிழமை வந்து பாரு." அவர் லிஃப்டுக்குள் போனார். "உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் டீச்சருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கதவு மூடியதும் டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏட்டில் எழுதினார். நிமிர்ந்தால், படிக்கட்டு வரை ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் நாலாம் மாடி அம்மா, கையில் பெட்டியோடு.

"உங்க குற்றம் என்ன?"

"எது சீக்கிரம் முடியுமோ அதைப் போட்டுக்கோங்க டீச்சர். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். படியில இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு இறங்க முடியாது."

அதற்குப் பிறகு சி பிளாக்கில் அதிபதியைப் பழிக்காதவர்களே இல்லை. போக இடம் இருந்தவர்கள் பழித்துவிட்டுப் போனார்கள், இடம் இல்லாதவர்கள் இடம் பார்த்துவிட்டு வந்து பழித்தார்கள். வரிசை நீண்டுவிட்டதால், குற்றம் செய்ய விரும்புவோர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்று டீச்சர் ஒரு விதி சேர்க்க வேண்டி வந்தது. இரண்டு மாதத்தில் கட்டிடத்தில் மிஞ்சியது செயலாளர், பொருளாளர், மருந்துக் கடைக்காரர், டீச்சர். அதாவது அரசாங்கம் மட்டும்.

கடைசி ஆய்வுக்கு வந்த உதவிப் பொறியாளர் காலியான படிக்கட்டையும் துடைத்து வைத்தது போன்ற தாழ்வாரத்தையும் பார்த்து மனம் நெகிழ்ந்தார். நின்றபடியே அறிக்கை எழுதினார். 'மின்தூக்கி சிறப்பாக இயங்குகிறது. நெரிசல் இல்லை. குடியிருப்போரிடமிருந்து புகார் ஏதுமில்லை. இம்முறையை மற்ற ஐந்து பிளாக்குகளுக்கும் விரிவுபடுத்தலாம்.' கீழே குடியிருப்போர் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

டீச்சர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். எழுதியிருந்ததில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

பிறகு, பொறுப்பாளர் என்ற முறையில், லிஃப்டில் ஏறினார். ஆறாம் மாடிக்கு முப்பத்திரண்டு விநாடிதான் ஆனது. வீட்டைத் திறந்து உள்ளே போய், எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டேன் பாருங்கள் என்று சொல்ல ஆள் தேடினார். யாரும் இல்லை.